தங்கம் பிறந்த செம்மண் சீமை

நம் வீடுகளில் தங்கம் இல்லாத வீடு உண்டா? பெட்டியில் பணம் இல்லாவிட்டாலும் கழுத்தில் ஒரு தாலிக்கொடியும் காதில் ஒரு ஜோடித் தோடும் இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் அது அடகுக் கடைக்குப் போகும். போனஸ் வந்ததும் வீடு திரும்பும். இப்படி வாழ்நாள் முழுவதும் நம்மோடு போய்வருகிற தங்கம் எந்த மண்ணில் பிறந்தது, யார் யாருடைய கைபட்டு வந்தது என்று மட்டும் நாம் கேட்பதே இல்லை.

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் அதைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் என் தங்கை தாதியாக வேலை செய்கிறாள். அவள் வீட்டுக்குப் போயிருந்த நானும் என் கணவரும் அங்கிருந்து ரயிலேறிக் கல்கூர்லி என்ற ஊருக்குப் போனோம். உலகத்தின் பெரிய தங்க வயல்களில் ஒன்று அது.

மணல் இல்லாத பாலை

பெர்த்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ரயிலில் ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முதலில் கோதுமை வயல்கள். பிறகு வீடுகள் குறைந்து, வேலிகள் குறைந்து, கடைசியில் காடும் வானமும் மட்டுமே மிஞ்சின.

பாலை என்றதும் மணல் மேடுகளை எதிர்பார்த்துப் போனால் அங்கே இருப்பது வேறு. செக்கச் சிவந்த மண். அதில் வழுவழுப்பான செம்புநிற அடிமரத்தோடு நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்கள். இடையிடையே வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடக்கும் உப்பு ஏரிகள். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 260 மில்லிமீட்டர்தான். நம் நாட்டில் நவம்பர் மாதத்தில் மட்டும் அவ்வளவு மழை பெய்துவிடும். நாங்கள் போனது அங்கே கோடைக்காலம். வெயில் முகத்தில் அறைந்தது. வியர்வை வழிவதற்கு முன்பே காய்ந்து, தோலில் உப்புத்தான் நின்றது. ஈக்களோ கண்ணையும் உதட்டையும் விடுவதாயில்லை.

ஒட்டகங்களுக்கும் இந்த ஊரில் பங்கு உண்டு. ரயில் வருவதற்கு முந்திய காலத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளிலிருந்தும் வந்த ஒட்டகக்காரர்கள்தாம் இந்தத் தங்க வயல்களுக்கு மாவும் சர்க்கரையும் சுமந்து வந்தார்கள்.

கல் சொல்லும் கதை

கல்கூர்லியின் நிலம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. எப்போது? சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது மரமும் இல்லை, மீனும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே உலகத்தில் இருந்தன.

அந்தக் கடலடியில் பூமி வெடித்து நெருப்புக் குழம்பு வெளிவந்தது. குளிர்ந்த நீர் பட்டதும் அது தலையணை தலையணையாக உப்பி இறுகியது. அந்தத் தலையணை வடிவத்தை இன்றும் சில பாறைகளில் காணலாம். பிறகு வந்த குழம்பு ஒன்று மேலே வர வழியில்லாமல் இரண்டு பாறை அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பரவி, மெதுவாக ஆறியது. ரொட்டிக்கு நடுவில் காயா தடவுகிறோமே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். டோலரைட் என்று பெயர் பெற்ற, இரும்புச் சத்து மிகுந்த அந்த நடு அடுக்குத்தான் கல்கூர்லியின் அதிர்ஷ்டம்.

பின்னர் பூமி இந்த அடுக்குகளை நெருக்கியது. அவை மடிந்தன, பிளந்தன. ஆழத்திலிருந்து கொதிக்கும் நீர் அந்தப் பிளவுகளின் வழியே ஏறியது. அதில் கந்தகமும், கந்தகத்தோடு கைகோத்துக் கரைந்த தங்கமும் இருந்தன. அந்த நீர் டோலரைட்டைத் தொட்டதும் கல்லில் இருந்த இரும்பு கந்தகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டது. துணையை இழந்த தங்கம் நின்ற இடத்திலேயே தங்கிவிட்டது.

நம் மக்களுக்கு இதை விளங்கவைப்பது எளிது. வாளியில் இருக்கிற பால்மரத்துப் பாலில் ரப்பர் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆசிட் ஊற்றியதும் ரப்பர் பிரிந்து கட்டியாகிவிடுகிறது அல்லவா? கொதிநீரில் மறைந்திருந்த தங்கமும் அப்படித்தான் பிரிந்தது. வாளிக்குப் பதில் மலை. ஆசிட்டுக்குப் பதில் இரும்பு.

இந்த வகைப் பழைய பாறைக்குப் பச்சைப்பாறை என்று பெயர். வெட்டிப் பார்த்தால் உள்ளே கரும்பச்சையாக இருக்கும். ஆனால் வெயிலும் மழையும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்ததில் மேலே உள்ள இரும்பு துருப்பிடித்துவிட்டது. ஊரே சிவப்பாக இருப்பதற்கு அந்தத் துருதான் காரணம். இதே போன்ற, ஏறத்தாழ இதே வயதுப் பச்சைப்பாறையில்தான் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலும் இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் தமிழ்ச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பூமிக்கடியில் உழைத்தார்கள். அந்தச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது.

தண்ணீர் இல்லாமல் அலசியவர்கள்

1892-ல் கூல்கார்டி என்ற இடத்தில் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், அயர்லாந்துக்காரர்களான பேட்ரிக் ஹானன், தாமஸ் ஃபிளானகன், டேனியல் ஷே மூவரும் இன்னும் கிழக்கே இன்றைய கல்கூர்லியில் தரையிலேயே தங்கக் கட்டிகளைக் கண்டெடுத்தார்கள். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

கிந்தா பள்ளத்தாக்கில் பெண்கள் டூலாங் தட்டில் ஈயம் அலசியதை நம் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். தட்டைத் தண்ணீரில் சுழற்றினால் மண் ஓடிவிடும், கனமான ஈயம் அடியில் நிற்கும். தங்கத்தையும் அப்படித்தான் அலசுவார்கள். ஆனால் கல்கூர்லியில் குடிக்கவே தண்ணீர் இல்லையே! ஆகவே அவர்கள் காற்றில் அலசினார்கள். மண்ணை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு உயரத்திலிருந்து கொட்டுவார்கள். தூசி காற்றில் பறக்கும், தங்கம் தட்டில் விழும். நாம் முறத்தில் அரிசி புடைக்கிறோமே, அதே வேலைதான். பார்த்தவர்கள் எழுதிவைத்தபடி, நாள் முழுவதும் அந்த முகாம்களின் மேல் செந்தூசி மேகமாக நின்றதாம். தூசி என்ற சொல்லை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வழியில் போட்ட செல்வம்

கல்கூர்லியை ஒட்டிய போல்டர் என்ற ஊரின் நிலத்தடியில்தான் பெரும் புதையல் இருந்தது. "தங்க மைல்" என்று அதற்குப் பெயர். இதுவரை அங்கிருந்து எடுத்த தங்கம் ஆறு கோடி அவுன்சுக்கு மேல். அதாவது 1,800 டன்னுக்கும் அதிகம்.

அங்கே தங்கம் இரண்டு வேஷத்தில் இருந்தது. ஒன்று நமக்குத் தெரிந்த மஞ்சள் தங்கம். மற்றொன்று டெல்லூரியம் என்ற பொருளோடு சேர்ந்த கனிமம். கேலவரைட் என்பது அதில் ஒரு வகை. பார்ப்பதற்கு வெளிறிய பித்தளை மாதிரி இருக்கும். ஆனால் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் தங்கம்!

ஆரம்பத்தில் வந்தவர்கள் அதை இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்று நினைத்து ஒதுக்கிப் போட்டார்கள். தங்கம் போல மின்னி ஆளை ஏமாற்றும் கல் அந்தப் பைரைட். ஒதுக்கிய கல்லைக் கொண்டு ரோட்டுப் பள்ளங்களை நிரப்பினார்கள், குடிசைக்கு அடுப்படி கட்டினார்கள் என்று சொல்கிறார்கள். 1896-ல் அது இன்னதென்று தெரிந்ததும், போட்ட ரோட்டையே தோண்டி எடுத்தார்களாம். அந்தக் கல்லை நெருப்பில் காட்டினால் டெல்லூரியம் புகையாகிப் போய்விடும். கல்லின் மேல் தங்கம் சின்னச் சின்ன மணிகளாகப் பூத்து நிற்கும். அன்றைய ஆட்கள் செய்த சோதனை அதுதான்.

குழாயில் வந்த உயிர்

தங்கம் காலடியில் கிடந்தும் மக்கள் தாகத்தாலும் குடற்காய்ச்சலாலும் செத்தார்கள். நிலத்தடி நீரெல்லாம் உப்பு. அதைக் கொதிக்க வைத்து ஆவியைப் பிடித்து, கேலன் கணக்கில் விலைக்கு விற்றார்கள். அந்த மண்ணின் பூர்வகுடி மக்களுக்கு மட்டும் பாறைக்குழிகளில் மழைநீர் எங்கே தங்கும் என்பது தெரியும். அந்தக் குழிகளை அவர்கள் கல்லாலும் கிளையாலும் மூடிப் பாதுகாத்து வந்தார்கள். தங்கம் தேடி வந்த கூட்டம் அவற்றையும் இறைத்துக் காலி செய்தது. கல்கூர்லி என்ற பெயரே அவர்கள் மொழியில் ஒரு காட்டுக் காயின் பெயரிலிருந்து வந்ததுதான்.

இந்தத் தாகத்தைத் தீர்த்தவர் சி. ஒய். ஓ'கானர் என்ற பொறியியலாளர். பெர்த்துக்கு அருகே மண்டாரிங்கில் ஓர் அணை கட்டி, எட்டு நீரேற்று நிலையங்கள் வைத்து, ஏறத்தாழ 530 கிலோமீட்டர் தூரத்துக்கு இரும்புக் குழாய் போட்டு, நாளொன்றுக்கு 50 லட்சம் கேலன் தண்ணீரை மேட்டு நிலத்துக்கு ஏற்றுவது அவருடைய திட்டம். நடக்காத காரியம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன; நேர்மையையே சந்தேகித்தன. மனம் நொந்த அந்த மனிதர் 1902 மார்ச் 10-ம் தேதி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1903 ஜனவரி 24-ம் தேதி கல்கூர்லிக்குத் தண்ணீர் வந்தது. அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை.

ரயிலில் போகும்போது பாதை ஓரமாக அந்தக் குழாய் கூடவே வருவதைப் பார்த்தேன். ஒருவருடைய உழைப்பைக் குறைசொல்லும் முன் அது முடியும்வரை பொறுத்திருக்கலாம் என்று தோன்றியது. ஊரின் பெரிய வீதியில் ஹானனுக்கும் ஒரு சிலை உண்டு. கையில் தங்கக் கட்டி இல்லை. தண்ணீர்ப் பைதான் இருக்கிறது. அந்தப் பையிலிருந்து வழிப்போக்கர்கள் நீர் குடிக்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

மாபெரும் குழி

பழைய சிறு சுரங்கங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி இன்று திறந்தவெளிக் குழியாகத் தோண்டுகிறார்கள். நீளம் மூன்றரைக் கிலோமீட்டர், அகலம் ஒன்றரைக் கிலோமீட்டர், ஆழம் 600 மீட்டருக்கு மேல். நமது கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அதைக் கொண்டுபோய் இந்தக் குழியின் அடியில் நிறுத்தினாலும் உச்சி வெளியே தெரியாது!

பார்வை மேடையிலிருந்து எட்டிப் பார்த்தேன். 200 டன்னுக்கு மேல் கல் சுமக்கும் லோரிகள் தீப்பெட்டி அளவில் ஊர்ந்தன. குழியின் சுவர்களில் அங்கங்கே கறுப்பு ஓட்டைகள். அவை அந்தக் காலத்து மனிதர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையால் குடைந்த சுரங்கப் பாதைகளின் வாய்கள். இப்போது மலையையே அறுத்ததில் அவை வெளியே தெரிகின்றன.

இப்போதெல்லாம் அங்கே தங்கம் கட்டியாகக் கிடைப்பதில்லை. ஒரு டன் கல்லை மாவாக அரைத்து, சயனைடு நீரில் கரைத்தால் இரண்டு கிராம் அளவில், அல்லது அதற்கும் குறைவாகத்தான் கிடைக்கிறது. ஒரு பவுன் எட்டு கிராம். அப்படியானால் ஒரு பவுனுக்கு நான்கு டன் கல்! ஐந்து பவுன் சங்கிலி போட்டிருப்பவர் 20 டன் மலையை உடைத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறார் என்று பொருள். நான் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் இருட்டு

கூல்கார்டிக்கு வடக்கே போனிவேல் என்ற இடத்தில் 1907 மார்ச்சில் நடந்த நிகழ்ச்சி இது. மழையே இல்லாத அந்தச் சீமையில் திடீரென்று பெருமழை கொட்டி ஒரு சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். மொடெஸ்டோ வரிஸ்கெட்டி என்ற இத்தாலியத் தொழிலாளி மட்டும் அகப்பட்டுக்கொண்டார். அவர் மேல்நோக்கிக் குடைந்த ஒரு பொந்தில் இருந்தார். அதில் சிக்கிய காற்றுத் தண்ணீரை மேலே வரவிடாமல் தடுத்தது. பாறையைத் தட்டும் ஓசை கேட்டுத்தான் அவர் உயிரோடு இருப்பது தெரிந்தது.

கடலில் முத்துக்குளிப்பவர்களைப் போல முழுக்கவசம் அணிந்த நீர்மூழ்கிகளைப் பெர்த்திலிருந்து தனி ரயிலில் வரவழைத்தார்கள். ஃபிராங்க் ஹியூஸ் என்பவர் இருட்டு வெள்ளத்தில் தடவித் தடவிப் போய் அவருக்கு உணவும் விளக்கும் கொடுத்தார். ஒன்பது நாள் கழித்து அவரை உயிருடன் வெளியே கொண்டுவந்தார்கள். வேற்று நாட்டுக் கூலித் தொழிலாளி ஒருவருக்காக ஒரு நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! வரிஸ்கெட்டி மறுபடியும் சுரங்க வேலைக்கே போனார். 1920-ல் இறந்தார். வெள்ளம் விட்டுவைத்தவரை, நுரையீரலில் படிந்த கல் தூசி கொண்டுபோயிற்று.

தங்கம் தேடுகிறவர்களுக்கு வழிகாட்டுவது குவார்ட்ஸ் என்ற வெள்ளைக்கல். அதன் நரம்பு ஓடும் இடத்தில் தங்கம் இருக்கலாம். அதே வெள்ளைக்கல்லைத் துளைக்கும்போது எழும் சன்னமான தூசிதான் எமன். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலுக்குள் போய்த் தங்கி, தழும்பாக இறுகிவிடும். சிலிகோசிஸ் என்று அதற்குப் பெயர். வந்துவிட்டால் பழைய நிலைக்குத் திருப்ப மருந்து இல்லை. தண்ணீர் விடாமல் துளைத்த பழைய இயந்திரத்துக்குச் சுரங்கத் தொழிலாளர்கள் "விதவையாக்கி" என்றே பெயர் வைத்தார்கள். கோலாரில் உழைத்த நம்மவர்களையும் இந்த நோய் விடவில்லை.

விலை ஏறும், விலை இறங்கும்

அந்த வட்டாரத்தில் தங்கம் மட்டும் அல்ல, வேறு கனிமங்களும் உண்டு. தெற்கே கம்பால்டாவில் 1966-ல் நிக்கல் கிடைத்தது. வடகிழக்கே வெல்டு மலையில் அரிய மண் தாதுக்கள் இருக்கின்றன. குவாந்தான் அருகே கெபெங் ஆலைக்கு 2012 முதல் கப்பலில் வந்த தாது அந்த மலையிலிருந்து வந்ததுதான். கழிவு பற்றி இங்கே நடந்த வாதங்கள் உங்களுக்கு நினைவிருக்கும்.

உலகச் சந்தையில் நிக்கல் விலை சரிந்ததால், 2024 அக்டோபரில் பி.எச்.பி. நிறுவனம் மேற்கு ஆஸ்திரேலியாவில் தன் நிக்கல் வேலைகளை நிறுத்திவைத்தது. கல்கூர்லியின் உருக்காலையும் நின்றது. மண்ணில் நிக்கல் தீர்ந்துவிடவில்லை, விலைதான் போதவில்லை. 1985-ல் ஈய விலை விழுந்தபோது கிந்தாவில் எத்தனை லம்பங்கள் மூடின! ரப்பர் விலை விழுந்தபோது நம் லயங்களில் என்ன நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பொருளை நம்பி வாழும் ஊருக்கு விலைப்பட்டியல்தான் தலையெழுத்து.

நம் பிள்ளைகளுக்கு

"டீச்சர், அங்கே சுரங்கத்துக்கு ஆள் எடுக்கிறாங்களாம். ஏஜண்டு முன்பணம் கேக்கிறாரு. மகனை அனுப்பலாமா?" என்று என்னிடம் கேட்ட பெற்றோர் ஒருவர் அல்லர். நான் கண்டதைச் சொல்கிறேன்.

அங்கே சம்பளம் நல்ல சம்பளம்தான். ஆனால் வெறுங்கையோடு போகிறவனுக்கு இடமில்லை. கனரக இயந்திரம் பழுதுபார்ப்பவர், மின்சாரப் பணியாளர், உலோகம் ஒட்டுபவர், நிலவியல் படித்தவர் ஆகியோரைத்தான் தேடுகிறார்கள். பலர் பெர்த்திலிருந்து விமானத்தில் வந்து இரண்டு வாரம் தொடர்ந்து வேலை செய்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். பிள்ளை நடக்கப் பழகிய நாளில் தகப்பன் பக்கத்தில் இருப்பதில்லை. சுற்றுலா விசாவில் வேலை தருகிறேன் என்று எவராவது முன்பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் பணத்தைப் பையனின் தொழிற்பயிற்சிக்குக் கட்டுங்கள். கையில் சான்றிதழ் இருந்தால் கல்கூர்லியிலும் பிழைக்கலாம், ஈப்போவிலும் பிழைக்கலாம்.

இன்னொன்று. கல் தூசி கல்கூர்லியில் மட்டும் இல்லை. நம் பையன்கள் எத்தனையோ பேர் கல்லுடைக்கும் ஆலையிலும், தரைக்கல் அறுக்கும் வேலையிலும், சமையலறை மேடைக்குக் கல் வெட்டும் பட்டறையிலும் இருக்கிறார்கள். மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கல்லில் இந்த வெள்ளைக்கல் தூள் மிக அதிகம். அதை வெட்டிய இளைஞர்களின் நுரையீரல் கெட்டதைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தேதி அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது.

ஆகவே கல் அறுக்கும் மகனோ கணவரோ உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே சொல்லுங்கள். தண்ணீர் விட்டு அறுக்கவேண்டும். உலர்ந்த கல்லை அறுக்கக்கூடாது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் போதாது; தூசிக்கென்றே செய்த நல்ல முகமூடி வேண்டும். வேலைச் சட்டையை வீட்டுக்குள் உதறக்கூடாது. இருமல் விடாமல் இருந்தாலோ, படி ஏறினால் மூச்சு வாங்கினாலோ மருத்துவரிடம் போய், "நான் கல் வேலை செய்பவன்" என்பதை முதலில் சொல்லவேண்டும். அதைச் சொன்னால்தான் அவர் எதைப் பார்க்கவேண்டுமோ அதைப் பார்ப்பார்.

தங்கத்தை அடகு வைத்தால் மீட்டுவிடலாம். மூச்சை அடகு வைத்தால் மீட்க ஒரு கடையும் இல்லை.